மண்டபம் மூச்சு விட்ட நாள்

"ஆள் இல்லாத மண்டபம் குளிர்ச்சியாத்தாம்மா இருக்கும். ஆளுங்க வந்தா?"

தோட்டக் கமிட்டித் தலைவர் இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு முறையும், மண்டபத்தை வரைந்து கட்டிய அவள் கணக்குச் சொன்னாள், வரைபடத்தை விரித்தாள், கம்ப்யூட்டரில் நீலமும் சிவப்புமாகக் காற்று ஓடுவதைக் காட்டினாள். தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்ப்பார். பார்த்து முடித்துவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. ஆளுங்க வந்தா?" என்பார்.

கெட்ட மனிதர் இல்லை. திறப்பு விழா அன்றைக்குப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து வேர்த்து விறுவிறுத்துப் போனால் யார் பதில் சொல்வது என்ற பயம், அவ்வளவுதான். அதனால் கடைசிக் கூட்டத்தில் அவராகவே முடிவு சொல்லிவிட்டார். மண்டபத்துக்கு ஏசி போடுவது. சுவரில் ஓட்டைகள் போட அடுத்த வாரம் ஆட்கள் வருவார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கே இதுதானே தொழில்? அவரையே பண்ணச் சொல்லலாமே" என்று வேறு சொன்னார்.

அவள் கணவன் ஏசி மெக்கானிக். ஊரில் பாதி ஆபீஸ்களின் மொட்டை மாடி அவனுக்கு அத்துப்படி. மண்சுவர் வைத்து அவள் கட்டடம் வரைய ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு 'மண்ணாங்கட்டி' என்று பேர் வைத்து, ஆசையாக அப்படித்தான் கூப்பிடுவான். தலைவர் சொன்னதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது, சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவன் கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்தான்.

"உன் சுவத்துல நான் ஓட்டை போடறதா? அப்புறம் நான் எங்க சாப்பிடறது, எங்க படுக்கறது?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. வேற எவனாவது போட்டாக் கோணலாப் போடுவான். வந்து இடத்தை மட்டும் பாத்துச் சொல்றேன். உனக்கு எங்க வலிக்காதோ அங்க போடச் சொல்லலாம்."

எங்கே போட்டாலும் வலிக்கும். அவனுக்கே தெரியும்.

அந்தத் தோட்டம் நகரத்தின் நட்டநடுவில் இருந்தது. முன்பு அங்கே சரக்கு ரயில்கள் நின்றன. ரயில் வருவது நின்றுபோனபின் துருப்பிடித்த தண்டவாளமும் எண்ணெய் குடித்த கறுப்பு மண்ணுமாக, நாய்கூட அண்டாத பொட்டலாகக் கிடந்தது. அதைத் தோட்டமாக்க வந்தவள் பாசி அக்கா. தோட்ட அமைப்பில் பெரிய படிப்பு படித்தவள். ஆனால் எப்போதும் ஏதாவது ஒரு குட்டையில் முழங்கால்வரை இறங்கி நின்று, முந்தானையில் பச்சையாக எதையாவது ஒட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்கே வருவாள். யாரோ ஒருவர் வைத்த பேர் அப்படியே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் பெருமைதான்.

பாசி அக்கா முதலில் மரமே நடவில்லை. கறுப்பு மண்ணில் முரட்டுப் புல்லைத்தான் விதைத்தாள். வளர்ந்ததும் அறுத்து அப்புறப்படுத்தினாள், மறுபடி விதைத்தாள். புல் எண்ணெயை உறிஞ்சி மண் நிறம் மாறியபிறகுதான் மரம். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் குளம் வெட்டினாள். வெட்டி எடுத்த நல்ல செம்மண் மலைபோலக் குவிந்தது.

"இதை என்ன பண்றது? லாரி வெச்சு வெளிய கொட்டச் சொல்றாங்க" என்று அவள் அலுத்துக்கொண்ட அன்றுதான், இவள் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டு, "வெளிய எங்கயும் போக வேணாம் அக்கா. சுவர் ஆக்கிடலாம்" என்றாள்.

அப்படித்தான் மண்டபம் எழுந்தது. குளத்து மண்ணையே பலகைகளுக்கு நடுவில் கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய சுவர். ஒரு ஆள் கையை நீட்டினாலும் எட்டாத தடிமன். பழைய தண்டவாளங்களே உத்தரங்கள். அவற்றின்மேல் கூரை, கூரைமேல் மண், மண்மேல் புல். மண்டபத்தின் நடுவில் உயரமாக ஒரு காற்றுக்கூண்டு. அதன் மேல்பாதியில் வெயில் படும் பக்கம் கண்ணாடியும் உள்ளே கறுப்புத் தகடும். வெயில் ஏற ஏறக் கூண்டுக்குள் காற்று சூடாகி, மேலே இருக்கிற ஷட்டர்கள் வழியாக வெளியே ஓடும். அது ஓடினால் அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து வேறு காற்று வந்துதானே ஆகவேண்டும்? அந்தக் காற்று வருவதற்குக் குளத்தங்கரை மரநிழலில் வாய் திறந்திருக்கும் சுரங்கக் குழாய்கள். அவை தோட்டத்துக்கு அடியில், வெயிலின் சூடு எட்டாத ஆழத்தில் நெடுந்தூரம் வந்து, மண்டபத்துத் தரையில் இருக்கும் நீளப் பிளவுகளில் திறக்கும்.

இவ்வளவுதான். ஒரு மோட்டாரும் தேவையில்லை என்பதுதான் அதன் அழகே. ஆனால் தலைவர் ஷட்டர்களுக்கு மட்டும் மோட்டார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "இந்தக் காலத்துல போய்ச் சங்கிலியை இழுத்துக்கிட்டு நிக்கறதா? பொத்தானைத் தட்டினாத் திறக்கணும், புழுதி அடிச்சாத் தானா மூடிக்கணும்." சண்டை போடுவதற்கு ஆயிரம் விஷயம் இருந்ததால் இதை அவள் விட்டுக்கொடுத்தாள்.

ஓட்டைக்கு இடம் பார்க்க அவள் கணவன் வந்த நாள், அந்தக் கோடையிலேயே மோசமான நாள். பத்து மணிக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டியது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அவன் வேனைத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். மண்டபத்தில் அவளும் பாசி அக்காவும் இருந்தார்கள். உள்ளே வெளியைவிட எவ்வளவோ தேவலை. அவன் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

"பரவால்லையே மண்ணாங்கட்டி."

"ஆள் இல்லாத மண்டபம் குளிர்ச்சியாத்தான் இருக்கும்" என்று பாசி அக்கா தலைவரின் குரலிலேயே சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு அவளிடம் கணக்கு இருந்தது, பதில் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. நிரம்பி வழியும் மண்டபத்தை அவள் பார்த்ததே இல்லை. ராத்திரி விழித்துக்கொண்டால் அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வாள்.

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் கரண்ட் போனது. தோட்டத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருந்த அந்த ஓயாத இரைச்சல் சட்டென்று அடங்கியதால்தான் அது தெரிந்தது. அவள் கணவன் தலையைத் தூக்கினான்.

"ஊர் பூராப் போயிடுச்சு போல. ஒரு கம்ப்ரஸர் சத்தம்கூட இல்ல. இது சின்ன விஷயமில்ல."

அவன் சொன்னது சரி. கொஞ்ச நேரத்தில் அவனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், அவளுக்குப் போன் செய்தாள். நாத்தனார் இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லத்தை நடத்திவந்தாள். அதட்டலுக்குப் பேர்போனவள். அன்றைக்கு அவள் குரலில் அதட்டல் இல்லை.

"ஃபேன் நின்னுபோச்சு. மாடி ரூமெல்லாம் அடுப்பு மாதிரி கொதிக்குது. ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா, வராண்டாவுலகூட இடம் இல்லங்கறாங்க. உன் மண்டபம் எப்படி இருக்கு? கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கா?"

"இருக்கு அண்ணி. ஆனா..."

"ஆனா என்ன?"

ஆனா இன்னும் திறக்கவில்லை. ஆனா தலைவரிடம் கேட்கவேண்டும். ஆனா ஆட்கள் நிறைய வந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. இதெல்லாம் வாய்வரை வந்தது. "ஒண்ணும் இல்ல அண்ணி. கூட்டிட்டு வாங்க. வேனை அனுப்பறேன்" என்றாள். தலைவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

வேன் போய்ப் போய் வந்தது. மயங்கிய அம்மாவைக் கணவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். பின்னால் கைத்தடிகள், சக்கர நாற்காலிகள், தோள்பிடித்து நடப்பவர்கள். எல்லாருடைய முகமும் சிவந்து வாடிப்போயிருந்தது. நாத்தனார் கடைசி ஆளையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தபிறகுதான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

வேன் வந்துபோனதைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலுக்கு வந்து நின்றாள். அடுத்தது எதிர்த் தெருவில் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஆட்கள். அப்புறம் தையல் கம்பெனியிலிருந்து ஒரு கூட்டம், கடைக்காரர்கள், சிக்னல் நின்றுபோய் நடுரோட்டில் மாட்டிக்கொண்ட பஸ்ஸின் மொத்த ஆட்கள்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "அம்மா, கேட்டுக்கு வெளிய ஒரே கூட்டம். 'கிழவங்களை மட்டும் விட்டீங்க, நாங்க மனுஷங்க இல்லையா'ன்னு கேக்கறாங்க. என்னம்மா சொல்லட்டும்?"

அவள் பாசி அக்காவைப் பார்த்தாள். பாசி அக்கா தோட்டத்தைப் பார்த்தாள். அவள் நட்ட செடிகள் எல்லாம் இப்போதுதான் வேர் பிடித்திருந்தன. புல் இன்னும் மிதிபட்டதே இல்லை.

"திறந்து விடுங்க" என்றாள் பாசி அக்கா. "புல்லு திரும்ப முளைக்கும்."

மண்டபம் நிரம்பியது. சுவரோரம் நிரம்பி, நடுவில் நிரம்பி, கடைசியில் கால் வைக்க இடமில்லாமல் ஆனது. எல்லாரும் வந்ததும் "அப்பாடா" என்றார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த அப்பாடா தேய்ந்தது. காற்று கனத்தது. வேர்வை வாடை ஏறியது. குழந்தைகள் ஒன்றையொன்று பார்த்து அழ ஆரம்பித்தன. யாரோ விசிறுவதற்கு அட்டை கேட்டார்கள். நாத்தனார் மயங்கிய அம்மாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டபடி அவளைப் பார்த்தாள்.

ஆளுங்க வந்தா? இதோ வந்துவிட்டார்கள். தரைப் பிளவின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு அசைவும் இல்லை. பையிலிருந்து மெல்லிய காகிதத்தைக் கிழித்துப் பிளவின்மேல் பிடித்தாள். காகிதம் செத்தது மாதிரித் தொங்கியது.

அண்ணாந்து காற்றுக்கூண்டைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. உச்சியில் வெளிச்சக் கோடுகள் தெரியவேண்டிய இடம் இருட்டாக இருந்தது.

"ஷட்டர்!" என்று கத்தினாள். "நேத்துச் சாயங்காலம் புழுதிக்காத்து அடிச்சப்ப மூடினது. காலையில திறந்திருக்கணும். ஓட்டைப் பேச்சுல மறந்தே போயிட்டேன்."

"பொத்தானைத் தட்டு" என்றான் கணவன். சொன்ன பிறகு அவனே தலையில் அடித்துக்கொண்டான். கரண்ட் எங்கே இருக்கிறது?

அவன் வேனுக்கு ஓடி ஸ்பானர் பையோடும் தடித்த கையுறைகளோடும் வந்தான். கூண்டின் உள்சுவரில் இரும்பு ஏணி பதித்திருந்தது.

"நீ இரு. நான் ஏறறேன்."

"எந்தப் பின்னை எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாது. மாத்தி எடுத்தா ஷட்டர் கழண்டு கீழ இருக்கறவங்க தலைமேல விழும். நானும் வரேன்."

அவன் பையைத் தோளில் மாட்டினான். ஏறுவதற்கு முன் அவள் பாசி அக்காவிடம் திரும்பினாள். கேட்கவே வாய் வரவில்லை. பாசி அக்கா தானே சொன்னாள்.

"குளம்தானே?"

குளம் வெறுமையாகக் கிடந்தது. அடியில் மிதித்து மெழுகிய களிமண், கரையில் போன வாரம்தான் நட்ட நாணல். போன மழைக்காலம் முழுவதும் கூரைகளிலும் பாதைகளிலும் பெய்த தண்ணீரெல்லாம் தோட்டத்து மேட்டில் இருந்த நிலத்தடித் தொட்டியில் சேர்ந்திருந்தது. அதைத் துளித்துளியாக விட்டு, நாணல் வேர் பிடிக்கப் பிடிக்கக் குளத்தை நிரப்புவதுதான் திட்டம். ஒரேயடியாகத் திறந்தால் நட்டதெல்லாம் அடித்துக்கொண்டு போகும். ஆனால் குழாய்களின் வாய்க்கு முன்னால் தண்ணீர் இருந்தால், உள்ளே போகிற காற்று நனைந்து குளிர்ந்து போகும்.

"நாணல் போயிடுமே அக்கா."

"போனாப் போகுது. நட்டவ நான்தானே, இன்னொரு தடவை நடறேன்" என்று சொல்லிவிட்டுப் பாசி அக்கா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். ரோடு போடும் ஆட்களில் சிலர் என்ன ஏது என்று கேட்காமல் அவள் பின்னாலேயே போனார்கள்.

கூண்டுக்குள் ஏற ஏறச் சூடு கூடியது. கீழே மண்டபத்துச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எழும்பி வந்தது. கறுப்புத் தகடு இருந்த இடத்துக்கு வந்தபோது மூச்சே எடுக்க முடியவில்லை. கண்ணாடி வழியாக வெயில் பாய்ந்து, பலமணி நேரமாக வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்த சூடு அது. அவளுக்குக் கண் இருட்டியது. மேலே ஏறிக்கொண்டிருந்தவன் ஒரு கையைக் கீழே நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மண்ணாங்கட்டி, இங்க மயங்கினா நான் உன்னைத் தூக்கிட்டு எறங்க முடியாது. திட்டிக்கிட்டே ஏறு. யாரையாவது திட்டு."

அவள் மோட்டாரைத் திட்டினாள். தலைவரைத் திட்டினாள். விட்டுக்கொடுத்த தன்னையே திட்டினாள். உச்சி வந்தது.

அவள் கைகாட்டிய இடத்தில் அவன் ஸ்பானரைப் போட்டான். முதல் மோட்டாரின் கை கழன்றது. ஷட்டர் அசையவில்லை. நேற்றைய புழுதி இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. அவள் ஏணியில் முதுகை முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உதைத்தாள். கிரீச்சென்று ஒரு சத்தம். ஒரு விரல் அகலத்துக்கு வானம் தெரிந்தது. பிறகு ஷட்டர் முழுசாக மடங்கித் திறந்தது.

அடைபட்ட சூடு அவர்களைத் தாண்டிக்கொண்டு பாய்ந்தது. அவன் கழுத்தில் கிடந்த துண்டை அது உருவி எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் வெளியே வீசியது. கீழே இருந்து காய்ந்த இலைகள், காகிதத் துண்டுகள், புழுதி எல்லாம் சுழன்றுகொண்டு மேலே வந்தன. இரண்டாவது ஷட்டரைத் திறந்தார்கள். மூன்றாவதை அவன் மட்டுமே உதைத்துத் திறந்தான். நாலாவது திறந்தபோது கூண்டு முழுவதும் ஒரு ஒலி எழுந்தது. தாழ்ந்த, நீளமான, மார்புக்குள் அதிர்கிற ஒலி. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் கேட்குமே, அதைப்போல ஆயிரம் மடங்கு. இருவரும் ஏணியைப் பிடித்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அங்கிருந்து தோட்டம் முழுவதும் தெரிந்தது. மேட்டில் மதகு திறந்திருந்தது. சேர்த்துவைத்த மழை, கல் பாவிய வாய்க்காலில் வெயிலில் பளபளத்துக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை உலர்ந்த குளத்துக்குள் நுழைந்து, களிமண்ணில் விரல் விரலாகப் பரவியது. பாசி அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று, அடித்துவந்த நாணல் கட்டுகளை வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை நகரம் கொதித்துக் கிடந்தது. கட்டடங்களின் மேல் காற்று கானலாக நெளிந்தது. அந்தப் பெரிய நெருப்புக்கு நடுவில் இந்த ஒரு இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

இறங்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. பாதி ஏணியில் சூடு விட்டது. அதற்கும் கீழே வந்தபோது, பாதங்களில் சில்லென்று ஏதோ தொட்டது. அவள் ஒரு கணம் அது தண்ணீர் என்றே நினைத்தாள். காற்று!

மண்டபத்தில் பேச்சு நின்றிருந்தது. ஒவ்வொரு பிளவிலிருந்தும் காற்று வந்துகொண்டிருந்தது. பலமாக இல்லை. ஆனால் நிற்காமல், சீராக, ஈரமண் வாசனையோடு வந்தது. பிளவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர்களின் முடி அசைந்தது. ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்து, யார் ஊதுகிறார்கள் என்று தேடுவதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தது. ரோடு போடும் பெண் ஒருத்தி இரண்டு உள்ளங்கைகளையும் பிளவின்மேல் விரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

வாசலில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் பதறிப்போய் மறுபடியும் காகிதத்தைப் பிடித்தாள். காகிதம் நிமிர்ந்து நின்றது. இன்னொரு கூட்டம் உள்ளே வந்தது. காகிதம் முன்பைவிட வேகமாகப் படபடத்தது.

அவள் கணவன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஏய், இது எப்படி? ஆள் வர வரக் குறையணும். கூடுதே?"

"இவங்க சூடுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒவ்வொரு உடம்பும் ஒரு சின்ன அடுப்பு. அந்தச் சூடு மேல போகுது. மேல போனா, கீழ இழுக்குது. வரவங்க அத்தனை பேரும் சேர்ந்துதான் இழுக்கறாங்க."

"உன் கணக்குல இது இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு வரி. ஆனா..."

ஆனால் அவள் எழுதியது ஒரு எண். இது அப்படி இல்லை. முன்பின் தெரியாத இத்தனை பேர் சும்மா உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள். தாங்கள் ஏதோ செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய உடம்புச் சூடு ஒன்றாகக் கலந்து மேலே போய், பூமிக்கடியிலிருந்து குளிர்ச்சியை இழுத்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தான் வரைந்த இடம்தானா இது என்று சுவரையும் கூரையையும் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள்.

கணவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"நான் இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றான். "ஒருத்தன் வீட்டுச் சூட்டைத் தூக்கி அடுத்த வீட்டுக்காரன் ஜன்னல்ல போட்டுட்டு இருந்தேன்."

மயங்கிக் கிடந்த அம்மா அப்போதுதான் கண் திறந்தார். கூரையைப் பார்த்தார். முகத்தில் வந்து மோதிய ஈரக்காற்றை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல உதட்டை நனைத்துக்கொண்டார்.

"கடல் பக்கம் வந்துட்டோமா?" என்று நாத்தனாரிடம் கேட்டார்.

"இல்லம்மா. ரெண்டு தெரு தள்ளி வந்திருக்கோம்" என்றாள் நாத்தனார். ஊரையே அதட்டுகிற அந்தப் பெண்பிள்ளை, சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் தலைவர் வந்து சேர்ந்தார். கார் எங்கோ மாட்டிக்கொள்ள, வேகாத வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. வாசலிலேயே ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டு இதையெல்லாம்..."

"உஷ்!" என்றார்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

தலைவரைப் பார்த்து யாரும் அதுவரை 'உஷ்' சொன்னதில்லை போலும். அவர் திகைத்து நின்றார். நின்ற இடம் ஒரு பிளவுக்கு மேல். பேன்ட் கால் வழியாகக் காற்று ஏறியிருக்க வேண்டும். கோபமாக இருந்த முகம் குழம்பி, பின் தளர்ந்தது. சுற்றிலும் பார்த்தார். வாசல்வரை ஆட்கள். அண்ணாந்து கூண்டைப் பார்த்தார். ஒரு தையல்காரப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் இருப்பாங்கம்மா?" என்று கிசுகிசுத்தார்.

"எண்ணலை சார்."

"ஆளுங்க வந்தாச்சு" என்றார் தனக்குத்தானே. கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்து, ஷூவைக் கட்டிப்பிடித்தபடி குறட்டை விட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து யாரும் உஷ் சொல்லவில்லை.

கரண்ட் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. இரைச்சல் திரும்ப வந்தது. மண்டபத்தில் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து, போகிற வழியில் சுவரைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

ஏசிப் பேச்சு அதோடு முடிந்தது. ஷட்டர்களுக்கு மோட்டாரை எடுத்துவிட்டுக் கைச்சங்கிலி போடவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னவர் தலைவர்தான், ஏதோ தன் யோசனைபோல. சங்கிலியை அவள் கணவன் மாட்டினான். திறப்பு விழா நடப்பதற்கு முன்பே மண்டபத்தின் வாசலில், வெயில் அதிகமான நாட்களில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று பலகை தொங்கியது.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் காலையில் அவள் தோட்டத்துக்கு வந்தபோது, பாசி அக்கா குளத்தங்கரையில் குப்புறப் படுத்திருந்தாள். இவள் பயந்துபோய் ஓடினாள். பாசி அக்கா திரும்பாமலே கையை ஆட்டி, மெதுவா வா என்றாள்.

அவள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு ஓரமாக அடித்து ஒதுங்கிய நாணல்கள் தாறுமாறாகச் சாய்ந்து நின்றன. அவற்றின் மேல் தட்டான்கள். ஒன்றிரண்டு இல்லை. சிவப்பு, நீலம், வெயிலில் தங்கமாக மின்னுகிற மஞ்சள். சில தாழப் பறந்து, வாலை நீரில் தொட்டுத் தொட்டு எடுத்தன.

"முட்டை போடுதுங்க" என்றாள் பாசி அக்கா.

"நேத்து மத்தியானம்வரைக்கும் இது வெறும் களிமண்ணு அக்கா. சுத்தி எங்கயும் குளமே கெடையாது. எங்கிருந்து வந்துச்சுங்க? எப்படித் தெரிஞ்சுது?"

ஆயுசெல்லாம் தண்ணீரிலும் சேற்றிலும் நின்றவள் பாசி அக்கா. எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள். அவள் மோவாயைக் கைமேல் வைத்துக்கொண்டு தட்டான்களைப் பார்த்தாள்.

"தெரியலடி" என்றாள். "எனக்கும் தெரியல."

இரண்டு பேரும் அப்படியே படுத்துக் கிடந்தார்கள், வெயில் ஏறும்வரை.